மஞ்சள் பாலில் மிளகு எதற்கு? எக்செல்லில் போட்டுப் பாருங்கள்

எங்கள் வீட்டில் சளி பிடித்தால் மஞ்சள் பாலில் மிளகையும் தட்டிப் போட்டுத் தருவார்கள். அந்த மிளகின் வேலையை என் மருந்தியல் மாணவர்களுக்கு எக்செல்லில்தான் காட்டுகிறேன். ஒரு சாயங்காலம் இருந்தால் நீங்களும் செய்யலாம்.

சென்னை கணித அறிவியல் நிறுவனத்தார் உருவாக்கிய இம்பாட் என்ற இந்திய மூலிகை வேதிப்பொருள் தளத்தில் மஞ்சளைத் தேடி, அதன் முக்கிய வேதிப்பொருளான குர்குமினின் ஸ்மைல்ஸ் குறியீட்டை (மூலக்கூறின் அமைப்பை எழுத்துகளில் சொல்வது) எடுத்து, ஒரு பொருள் உடலில் எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்கும் ஸ்விஸ்அட்மி தளத்தில் ஒட்டுங்கள். மூலக்கூறு எடை 368 என்றும், குடல் உறிஞ்சுவது 'அதிகம்' என்றும் வரும்.

இங்கே நிதானம் வேண்டும். முதல் தடவை அந்த 'அதிகம்' என்பதை நம்பி, ரத்தத்துக்கு வந்து சேரும் பங்கை நான் 0.9 என்று போட்டுவிட்டேன். வரைபடம் அழகாக வந்தது, ஆனால் முழுக்கத் தப்பு. குடல் உறிஞ்சுவது வேறு, ரத்தத்துக்கு வந்து சேர்வது வேறு. குடல்சுவரைத் தாண்டும்போதே குர்குமினோடு குளுக்குரோனிக் அமிலமும் சல்பேட்டும் ஒட்டிக்கொண்டு அதை வேறு பொருளாக்கிவிடுகின்றன. அங்கே தப்பியதைக் கல்லீரல் மாற்றிவிடுகிறது. ஸ்விஸ்அட்மி இந்த இணைப்பு வேலையைக் கணக்கில் எடுப்பதில்லை.

அதனால் மூன்று எண்கள் வேண்டும்: குடல் உறிஞ்சும் பங்கு, குடல்சுவரில் தப்பும் பங்கு, கல்லீரலில் தப்பும் பங்கு. புரிவதற்காக 0.6, 0.1, 0.2 என்று வையுங்கள். பெருக்கினால் 0.012. மிளகிலுள்ள பைப்பரின், குர்குமினை இப்படி மாற்றும் நொதிகளைத் தடுக்கும் என்பதால், பின்னிரண்டையும் 0.4, 0.5 ஆக உயர்த்துங்கள். இப்போது 0.12, பத்து மடங்கு!

அப்புறம் நேரம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி. முதல் நெடுவரிசையில் குடலில் மிச்சமிருப்பது (முதல் கட்டத்தில் 2000 மில்லிகிராம் குர்குமின் என்று வையுங்கள்), அடுத்ததில் ரத்தத்தில் இருப்பது. குடலைவிட்டுப் போகும் அளவை மேலே வந்த எண்ணால் பெருக்கி ரத்தத்தில் கூட்டுங்கள். ரத்தத்திலிருந்து வெளியேறுவதைக் கழியுங்கள். வெளியேறும் வேகத்துக்கு 0.693ஐ அரை ஆயுளால் (ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம்) வகுத்தால் போதும்.

சரி, நிஜத்தோடு ஒப்பிடுவோம். 1998-இல் வெளிவந்த பெங்களூரு ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்தது 2000 சதவீதம் கூடியது. பைப்பரின் இல்லாதபோது அளக்கவே முடியாத அளவுக்குக் குறைவாகவோ, சுத்தமாக இல்லாமலோதான் இருந்தது. நம் டம்ளரில் 3 கிராம் மஞ்சள்தூள் போட்டால் குர்குமின் ஏறக்குறைய 90 மில்லிகிராம்தான். குடல் நெடுவரிசையில் 2000 மில்லிகிராம் இருந்த முதல் கட்டத்தில் 90 என்று மாற்றி, வளைகோடு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. பைப்பரின் தப்பவிடுவது குர்குமினை மட்டுமல்ல. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயினின் ரத்த அளவையும் உயர்த்தும். அந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பைப்பரின் மாத்திரை எடுக்கவே வேண்டாம்.