குளிருக்குக் கரிச்சட்டி வேண்டாம், வெந்நீர்ப் பை போதும்

தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழிக் குளிருக்குத் தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். அதற்குப் பதில் ரப்பர் வெந்நீர்ப் பையில் முக்கால் பாகத்துக்குக் குறைவாகச் சுடுநீர் (கொதிக்கக் கொதிக்க வேண்டாம்) ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றி, படுக்கப் போவதற்குக் கால் மணி நேரம் முன்பே கம்பளிக்கு அடியில் கால் பக்கம் வைத்துவிடுங்கள். கரிச் செலவும் மிச்சம்.

புகை அடங்கிச் சிவப்பாகக் கனலும் தணலில் ஆபத்தில்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஆனால் அதிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வந்துகொண்டே இருக்கும், சாம்பல் பூத்த பிறகும்கூட. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்வதால், தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுவதே தெரியாமல் நினைவு போய்விடும். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் சரி என்று நம்பாதீர்கள்.

இந்தப் பை படுக்கையைத்தான் சூடாக்கும், அறையை அல்ல. கைக்குழந்தைக்கும், சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்கும் தோல் வெந்துவிடும், அதனால் அவர்கள் படுக்கும் முன் பையை எடுத்துவிட வேண்டும். அப்புறம், தணல் வைத்த அறையில் யாருக்காவது தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் மாத்திரை தேடாமல் முதலில் எல்லோரும் வெளியே வந்து 108-ஐ அழையுங்கள்.