முடக்குவாதம்: அக்கறையோடு செய்யும் தவறுகள்

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாது. புடவைக் கொசுவத்தைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும். பத்து மணிக்கு மேல் அதே பெண் அடுப்படியில் வேலை செய்துகொண்டிருப்பார். இதைப் பார்த்து, "காலையில மட்டும் எப்படி வலிக்கும்?" என்று வீட்டில் கேட்பார்கள். செவிலியராக நான் அதிகம் பார்த்த தவறு இந்தக் கேள்விதான். முடக்குவாதத்தின் முக்கிய அடையாளமே நெடுநேரம் நீடிக்கும் அந்தக் காலை விறைப்புதான்.

ஊரில் சரவாங்கி என்று சொல்லும் இந்த நோயில், உடலின் எதிர்ப்புச் சக்தி மூட்டின் உள்சவ்வையே தாக்குகிறது. வயதானவர்களுக்கு வரும் தேய்மானம் வேறு. இது 30, 40 வயதிலேயே தொடங்கலாம், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் இரண்டு கைகளிலும் விரலின் அடி மூட்டும் நடு மூட்டும் வீங்கும். இந்த நோய்க்காக எடுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற இரத்தச் சோதனை நெகட்டிவ் என்று வந்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம். நோய் இருந்தும் நெகட்டிவ் வருபவர்கள் பலர். வீக்கம் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். முதல் சில மாதங்களில் தொடங்கும் சிகிச்சைதான் எலும்பு அரிப்பைத் தடுக்கிறது. அந்த மாதங்களைக் கடை வலி மாத்திரையிலும் பெயர் தெரியாத பொடிகளிலும் கழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது. அப்படிப்பட்ட சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

முடக்குவாதத்துக்கு முக்கியமாகத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தின் விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிருக்கே ஆபத்து. கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினும் இதுவும் ஒரே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரையாக இருக்கலாம், மாறிப்போவது எளிது. அதனால் இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். ஒரு கிழமையை முடிவு செய்து காலண்டரில் வட்டம் போடுங்கள். மாத்திரை எடுத்துக் கொடுப்பது ஒரே ஆளாக இருக்கட்டும். மறந்துபோன வாரத்துக்குச் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. வாய்ப்புண், காய்ச்சல், ஈறில் இரத்தம், மூச்சுத்திணறல் இதில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வேறு மருத்துவர் சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து எழுதினால் இதைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் இதோடு சேரவே கூடாது. குழந்தை பெற நினைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும், கர்ப்பத்தில் இந்த மருந்து ஆகாது. மதுவும் வேண்டாம், கல்லீரல் தாங்காது. இரத்தச் சோதனைத் தேதிகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையை "வலி போயிடுச்சு" என்று தானாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார்.

சரி, கைவைத்தியத்துக்கு வருவோம். சூடாகச் சிவந்து வீங்கிய மூட்டில் தைலம் போட்டு அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும். அப்போது துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வைத்தால் போதும். வெந்நீர் ஒத்தடம் காலை விறைப்புக்கு நல்லது.

வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் நாள்கணக்கில் மடங்கியே கிடக்கும் கால் பிறகு நீளாமல் போய்விடும். காலை நேராக நீட்டிப் படுக்க வையுங்கள். முழு ஓய்வும் அப்படித்தான், தசையைக் கரைத்துவிடும். வீக்கம் தணிந்த நாட்களில் வெந்நீரில் குளித்த பிறகு விரல்களை மெதுவாக விரித்து மடக்கச் சொல்லுங்கள். குடத்தை விரலால் தூக்காமல் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கலாம்.

பல வருட நோயாளிகளுக்குக் கழுத்தின் மேற்பகுதி எலும்புகள் நழுவக்கூடும். அவர்களுக்குக் கழுத்தில் சொடக்கு எடுக்காதீர்கள். எந்த ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து மருத்துவரிடம் முடக்குவாதம் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.