உச்ச விலையை நம்பி மூட்டை கட்டாதீர்கள்: கேம் செய்திகளில் நாம் செய்யும் தவறுகள்

கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. வீடு கம்பத்தில். காலையில் பஸ் ஏறி, லோயர் கேம்ப் தாண்டி மலைக்குப் போனால், கடை அடைத்த பிறகுதான் இறங்குவேன். போக வர இரண்டு வேளையும் வீடியோ கேம் செய்தி படிப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. மலைப்பாதையில் இடையிடையே சிக்னல் அறுந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில்தான், சற்று முன் படித்தது உண்மையாக இருக்குமா என்று யோசிக்கவே தோன்றும். சமவெளியில் வாழும் ரசிகர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை, பாவம்.

எங்கள் முதலாளிக்கும் சரக்குக் கொண்டுவரும் விவசாயிகளுக்கும் மாதத்தில் நான்கு முறையாவது ஒரே சண்டை நடக்கும். புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலத்துக்கு இரண்டு விலைகள் வெளிவரும்: உச்ச விலை, சராசரி விலை. உச்ச விலை என்பது அன்று வந்ததிலேயே திரட்சியான, பச்சை மாறாத ஏதோ ஒரு குவியலுக்குக் கிடைத்தது. டீக்கடைக்கு வந்து சேருவது அந்த விலை மட்டும்தான். அதைக் காதில் வாங்கியவர், வெடித்த காயும் பொடிக்காயும் கலந்த மூட்டையை இறக்கிவிட்டு, "இன்றைக்கு இவ்வளவு போயிருக்கிறதாமே?" என்பார். முதலாளி சராசரியைச் சொல்வார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் நான் கணக்கு எழுத முடியாது.

கேம் ரசிகர்களாகிய நாம் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்தச் சண்டையில் அடக்கம். பத்து விதமான தகவல் வந்தால், அதில் நம் ஆசைக்கு மிக நெருக்கமான ஒன்றை எடுத்துக்கொண்டு, அதுதான் சந்தை விலை என்று நம்பிவிடுகிறோம். பிறகு கேமை உருவாக்கியவர்களோடு சண்டைக்குப் போகிறோம்.

தேதியைப் பிடித்துத் தொங்குவது

ராக்ஸ்டார் நிறுவனத்தின் ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) கேமின் 5-ஆம் பாகம் வெளிவந்தது 2013 செப்டம்பர் 17. அடுத்த பாகத்துக்கான முதல் டிரெய்லர் வர 2023 டிசம்பர் வரை காத்திருந்தோம். அதில் 2025 என்று ஆண்டு மட்டும் இருந்தது. 2024 மே மாதம், ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக்-டூ, அதை 2025 இலையுதிர் காலம் என்று குறுக்கியது. 2025 மே 2 அன்று, 2026 மே 26 என்று மாற்றினார்கள். 2025 நவம்பர் 6 அன்று, 2026 நவம்பர் 19 என்று மீண்டும் மாற்றினார்கள்.

இத்தனை தேதிகளுக்கு நடுவே நான் படித்த வதந்தித் தேதிகளை எண்ணினால் ஒரு பேரேடு நிரம்பும். பெரும்பாலானவை பிறந்தது ஆன்லைன் கடைகளின் பக்கங்களில். ஒரு பொருளை விற்பனைக்குப் பட்டியலிட வேண்டுமென்றால் கணினி ஏதாவது ஒரு தேதி கேட்கும். கடைக்காரர் டிசம்பர் 31 என்றோ, மாதக் கடைசி என்றோ போட்டு வைப்பார். அது கட்டத்தை நிரப்பும் தேதி. அதைப் படம் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு, "உறுதியானது" என்று எழுதி அனுப்புகிறவர் ஒருவர். அதை நாற்பது பேருக்கு அனுப்புகிறவர் நான். அனுப்பியிருக்கிறேன், மறுக்கவில்லை.

தேதி விஷயத்தில் என் அனுபவம் ஒன்றே ஒன்றுதான். டேக்-டூ பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம். அதன் கணக்கு ஆண்டும் நம்முடையதைப் போலவே மார்ச் 31-இல் முடிகிறது. பெரிய கேம் எந்தக் கணக்கு ஆண்டில் விழுகிறது என்பது பங்குதாரர்களுக்குச் சொல்லியாக வேண்டிய செய்தி. 2025 நவம்பர் மாற்றம் வந்ததும் காலாண்டுக் கணக்கு வெளியான அதே நாளில்தான். கணக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்கு இது ருசிக்கிறது. உங்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். ஆனாலும் 'தனக்குத் தெரிந்த ஒருவர்' சொன்னதை விட, தவறாகச் சொன்னால் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர் சொல்வதற்கு எடை அதிகம்.

அதற்காக அதிகாரபூர்வ தேதி கல்வெட்டு என்று நினைப்பதும் தவறுதான். சைபர்பங்க் 2077 என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் வர வேண்டியது செப்டம்பருக்குப் போனது, பிறகு நவம்பர் 19-க்குப் போனது. அக்டோபர் தொடக்கத்தில் கேம் 'கோல்டு' நிலையை எட்டிவிட்டது என்று அறிவித்தார்கள். வட்டில் பதிக்கத் தயார் என்று பொருள். இனி என்ன, முடிந்தது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது, அக்டோபர் 27 அன்று மறுபடியும் தள்ளிப் போனது. கடைசியில் டிசம்பர் 10 அன்று வந்தது. வந்த எட்டாம் நாளே பிழைகள் தாங்காமல் சோனி அதைத் தன் பிளேஸ்டேஷன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. அன்று வட்டு அச்சுக்குப் போகத் தயாராக இருந்ததே ஒழிய, கேம் தயாராக இல்லை. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து முன்பதிவுப் பணம் கட்டியவர்களில் நானும் உண்டு. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்குகிறவர்களுக்காவது, வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கும் வசதி இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தை உங்கள் கதாபாத்திரத்தின் முகத்துக்கு மூக்கு தேர்ந்தெடுப்பதில் செலவழித்துவிடாதீர்கள்.

பச்சைக் காயைப் பார்த்து நிறம் சொல்வது

2022 செப்டம்பரில், ஜிடிஏ 6 உருவாக்கத்தின் இடைக்காலக் காட்சிகள் ஏறக்குறைய தொண்ணூறு வீடியோக்களாகக் கசிந்தன. யாரோ தங்கள் கணினி வலைக்குள் புகுந்துவிட்டதாக ராக்ஸ்டாரே ஒப்புக்கொண்டது. அதாவது கசிவு உண்மை. ஆனால் அதைப் பார்த்து நாம் சொன்ன தீர்ப்புகள்? "இவ்வளவு மோசமான கிராபிக்ஸா?" என்று கேட்காதவர் குறைவு. கேம் உருவாக்கத்தில் முதலில் முடிவது காட்சி அழகுதான் என்று ஒருவர் அடித்துச் சொல்ல, வேறு ஸ்டுடியோக்களில் வேலை செய்கிறவர்கள் புகழ்பெற்ற தங்கள் கேம்களின் ஆரம்பகாலக் காட்சிகளை வெளியிட்டார்கள். சாம்பல் நிறப் பெட்டிகளுக்கு நடுவே முகமில்லாத பொம்மைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒளியும் நிழலும் மேற்பூச்சும் பல வேளைகளில் கடைசியில்தான் கூடிவரும்.

ஐந்து கிலோ பச்சைக் காயை உலர்த்தினால் ஏறக்குறைய ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். செடியில் பார்த்த பச்சை, சூட்டறையை விட்டு வெளியே வரும்போது நிற்குமா வெளுக்குமா என்று அனுபவப்பட்ட விவசாயியே வாய் திறக்க மாட்டார். கசிந்தது உண்மையா என்பது ஒரு கேள்வி. கசிந்ததை வைத்து முடிவான பொருளை எடைபோடலாமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்ததுமே இரண்டாவதற்கும் அதே பதிலைப் போட்டுக்கொள்வதுதான் நம் பிழை.

கேக்கில் ஜோசியம் பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த கூத்து இது. ஹாலோ நைட்: சில்க்சாங் 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் உருவாக்கிய கேம். ஆண்டுக்கணக்கில் பேச்சு மூச்சில்லை. 2025 ஜனவரியில், அதை உருவாக்குகிறவர்களில் ஒருவர் தன் சமூக ஊடகப் படத்தை மாற்றிச் சாக்லேட் கேக் படம் வைத்தார். அவ்வளவுதான். அந்தக் கேக் எந்தச் சமையல் குறிப்பில் வந்தது என்று ரசிகர்கள் துப்புத் துலக்கினார்கள். குறிப்பின் தேதி ஏப்ரல் 2 என்று கண்டுபிடித்தார்கள். நின்டெண்டோ நிறுவனமும் ஸ்விட்ச் 2 என்ற தன் புதிய கேம் கருவிக்கான நிகழ்ச்சிக்கு ஏப்ரல் 2 என்று நாள் குறித்திருந்ததா, கேட்க வேண்டுமா! அப்படி ஒரு புதிரும் இல்லை, கேம் உருவாகிக்கொண்டிருக்கிறது, வரும் என்று அவர்கள் தரப்பில் மறுப்பு வந்தது. யார் கேட்டார்கள்?

வேடிக்கை என்னவென்றால், ஏப்ரல் 2 நிகழ்ச்சியில் சில்க்சாங் உண்மையிலேயே சில நொடிகள் தலைகாட்டியது, 2025 என்ற ஆண்டோடு. கேக் ஜோசியர்கள் மார்தட்டிக்கொண்டார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. உண்மையான வெளியீட்டுத் தேதி ஆகஸ்ட் 21 அன்று அறிவிக்கப்பட்டு, இரண்டே வாரத்தில், செப்டம்பர் 4 அன்று கேம் வந்தது. அந்தத் தேதி எந்தக் கேக்கிலும் இல்லை.

இந்த இடத்தில் நாம் விடும் கணக்குப் பிழை பெரியது. பலித்த வதந்தியை நினைவில் வைக்கிறோம், பொய்த்தவற்றை மறந்துவிடுகிறோம். நாள்தோறும் ஐந்து ஆரூடம் எழுதுகிறவருக்கு ஆண்டில் இரண்டு பலிக்கவில்லை என்றால்தான் ஆச்சரியம். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத பேரேட்டை எங்கள் கடையில் கொண்டுபோய் நீட்டினால் அன்றே எனக்குச் சீட்டுக் கிழிந்துவிடும்.

எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

என் அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். 2025 தொடக்கத்தில் ஒரு நாள் வந்து நின்றான். "மாமா, தமிழ்நாட்டில் இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் பிஜிஎம்ஐ ஓடாதாம். குமுளியில் ஓடுமாம். பரீட்சை முடியும் வரை உங்கள் கடையிலேயே படுத்துக்கொள்ளட்டுமா?" பரீட்சைக்கும் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேமுக்கும் என்ன உறவு என்று அக்காவே கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

செய்தியின் விதை உண்மைதான். 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் வந்த ஒழுங்குமுறை, நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 வரை உள்நுழையத் தடை விதித்தது. ஆனால் அது பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு மட்டும். கேரளத்தில் ஆன்லைன் ரம்மியைத் தடுக்க 2021 பிப்ரவரியில் அரசு வெளியிட்ட அறிவிக்கையை, அதே ஆண்டு செப்டம்பரில் அங்குள்ள உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆக, சோதனைச் சாவடிக்கு இருபுறமும் சட்டம் வேறாக இருந்தது நிஜம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பணம் கட்டி ஆடுவதைத்தான் தடை செய்தது. மின்விளையாட்டு (இ-ஸ்போர்ட்ஸ்) போட்டிகளை அது தனியே அங்கீகரிக்கிறது. 'ஆன்லைன் கேம்களுக்குத் தடை' என்ற தலைப்பில் 'பணம்' என்ற ஒரு சொல் விழுந்துபோனதும் அக்கா மகன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

தடைச் செய்திகளில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பப்ஜி 2020 செப்டம்பர் 2 அன்று தடை செய்யப்பட்டது. பிஜிஎம்ஐ என்ற பெயரில் 2021 ஜூலையில் வந்தது, 2022 ஜூலை 28 அன்று செயலிக் கடைகளிலிருந்து காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பி வந்தது. காணாமல் போயிருந்த அந்தப் பத்து மாதங்களில், 'திரும்ப வந்துவிட்டது, இங்கே தரவிறக்குங்கள்' என்று எனக்கு வந்த இணைப்புகளுக்கு அளவில்லை. ஒன்றைத் தொட்டேன். கேம் வரவில்லை, திரையைத் தொடும் இடமெல்லாம் விளம்பரம் முளைத்தது. கடைசியில் கைப்பேசியை முழுவதும் அழிக்க வேண்டியதாகிவிட்டது. அதில் ஒரு வாரத்து எடைச் சீட்டுகளின் படங்களும் போயின. முதலாளியிடம் கைப்பேசி மழையில் நனைந்துவிட்டது என்று சொன்னேன். (அவர் கேம் கட்டுரைகள் படிப்பதில்லை.)

இத்தனைக்கும் நாங்கள் வதந்திக்குப் பழகிய ஊர்க்காரர்கள். முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி மழைக்காலம்தோறும் ஏதாவது கிளம்பும். மலைக்கு மேலே அணை உடையும் என்பார்கள், கீழே தண்ணீர் நின்றுவிடும் என்பார்கள். எங்கள் தெருப் பெரியவர்கள் கேட்பது ஒன்றுதான்: "நீர்மட்டம் எத்தனை அடி? யார் அளந்தது?" 142 அடி வரை தேக்கலாம் என்பது 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அன்றைய அளவு பத்திரிகையில் வரும். 2011 டிசம்பரில் எல்லைச் சாலை அடைபட்டு, பேச்சு கைகலப்பு வரை போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். அதே தெருவில் வளர்ந்த நான், கேம் என்றதும் அடியும் கேட்பதில்லை, அளந்தவரையும் கேட்பதில்லை.

சொன்னவரை அடிப்பது

2016-இல் நோ மேன்ஸ் ஸ்கை என்ற கேம் ஜூனில் வராது, தள்ளிப் போகிறது என்று ஒரு செய்தியாளர் எழுதினார். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. செய்தி உண்மை என்று உறுதியானதும், மிரட்டல்கள் கேமை உருவாக்கிய ஷான் மர்ரே பக்கம் திரும்பின. கேம் ஆகஸ்டில் வந்தது. சைபர்பங்க் தள்ளிப்போனபோதும் இதே கதை நடந்தது. தள்ளிப்போகும் செய்தி வந்த முதல் ஒரு மணி நேரத்தில் நான் எதுவும் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். கோபம் வராமல் இல்லை. பஸ்ஸில் சிக்னல் போகும் இடம் வரும்வரை கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்திருப்பேன், அவ்வளவுதான்.

ஜிடிஏ 6 மே 26 என்று அறிவித்தபோது முதலாளியிடம் ஓராண்டுக்கு முன்பே மூன்று நாள் விடுப்புக் கேட்டு வைத்திருந்தேன். மே மாதம் வரத்து குறைந்த காலம், உடனே சரி என்றார். நவம்பர் 19 என்று மாறியதும் மறுபடியும் போய் நின்றேன். அவர் நாட்காட்டியைப் புரட்டினார். கார்த்திகை பிறந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ. ஐயப்ப பக்தர்கள் மாலையும் கையுமாகக் குமுளியை நிறைத்திருக்கும் நேரம். கடை வாசலில் சிப்ஸும் ஏலக்காயும் கட்ட ஆள் போதாது. எத்தனை மணிக்கு வீடு சேருவேன் என்று எனக்கே தெரியாது.

"தேதி இன்னும் ஒரு முறை மாறினால் வந்து கேள்" என்றார்.