அப்பாவின் ராத்திரி மாத்திரை: சி.ஆர். கொடுக்கும் முறை

அப்பாவுக்குப் பார்க்கின்சன் (உடம்பு இறுகி அசைவு குறையும் நரம்பு நோய்) வந்து ஒன்பது வருஷம். மாத்திரைப் பொறுப்பு என்னுடையது. காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6 மணிக்குச் சாதாரண மாத்திரை. ராத்திரி 10 மணிக்கு, படுக்கும்போது, மெல்லக் கரையும் சி.ஆர். மாத்திரை ஒன்று. இது டாக்டர் அவருக்கென்று எழுதியது. உங்கள் வீட்டு அளவும் நேரமும் உங்கள் டாக்டர் சொன்னபடிதான்.

முதலில் அட்டையைப் படியுங்கள். அப்பாவின் இரண்டு மாத்திரையிலும் லெவோடோபா (முக்கிய மருந்து) 100 மி.கி., கார்பிடோபா (அதற்குத் துணை மருந்து) 25 மி.கி.; இரண்டிலும் ‘125’ என்றே போட்டிருக்கும். ‘சி.ஆர்.’ என்ற இரண்டெழுத்துதான் வித்தியாசம். ஒரு தடவை மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், நானும் கவனிக்கவில்லை. விடியற்காலை 3 மணிக்கு, “அம்மாடி, புரண்டு படுக்க முடியலம்மா” என்று கூப்பிட்டார். தோளைத் தொட்டால் மரக்கட்டை மாதிரி இருந்தது. மூன்று ராத்திரி இப்படிப் போன பிறகுதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இப்போது சி.ஆர். அட்டைக்குச் சிவப்பு ரப்பர் பேண்டும் தனி டப்பாவும் உண்டு.

மில்லிகிராம் ஒன்றுதானே என்று ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுக்காதீர்கள். சி.ஆரில் இருக்கும் லெவோடோபாவில் சுமார் 70 சதவீதம்தான் சாதாரண மாத்திரையோடு ஒப்பிட்டால் உடம்பில் சேரும்.

சி.ஆரைப் பொடித்துக் கஞ்சியில் கலக்கவே கூடாது, பல்லால் மென்று தின்னவும் விடக்கூடாது. பல மணி நேரத்துக்கான மருந்து மொத்தமாக இறங்கிவிடும். கை கால் தானாக முறுக்கி ஆடும், அதற்கப்புறம் விடியும்வரை மருந்தின் வேலை ஒன்றும் இருக்காது. அப்பாவை நிமிர்ந்து உட்காரவைத்து, ஒரு மடக்குத் தண்ணீரோடு முழுசாக விழுங்கச் சொல்வேன். விழுங்கவே முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றச் சொல்லுங்கள். பாதியாக உடைக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள், எல்லா மாத்திரைக்கும் அது பொருந்தாது.

சி.ஆர். பிடிக்க, அதாவது வேலை செய்யத் தொடங்க, நேரமாகும். “இன்னும் பிடிக்கலையே” என்று பதறி இன்னொன்றைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வேளை தவறினாலும் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். பருப்பு, முட்டை, பால் சிலருக்கு மருந்தை மந்தமாக்கும். அப்பாவுக்கு அப்படித்தான், அதனால் சாதாரண மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுத்துவிடுவேன்.

ஒரு நோட்டுப் போடுங்கள்: கொடுத்த நேரம், பிடித்த நேரம், விட்ட நேரம். சட்டைப் பொத்தானை அப்பா தானே போட்டால் பிடித்துவிட்டது என்று எங்கள் கணக்கு. டாக்டர் அளவை மாற்றினால், வேறு தொந்தரவு இல்லாதபட்சத்தில், மூன்று நாளாவது எழுதிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்த விடாதீர்கள். கடும் காய்ச்சலும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். போன வருஷம் அப்பாவைச் சேர்த்தபோது, ஐந்து வேளை நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன். அதற்குக் கீழே, வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு போட வேண்டாம் என்றும் எழுதியிருந்தேன்.