பல சபைகளுக்கு ஒரே வேதபாடத் தொகுப்பு: எங்கே தவறுகிறோம்?

சில சபைகள் சேர்ந்து பொதுவான ஒரு பாடத் தொகுப்பை உருவாக்கலாம் என்று முடிவெடுத்ததும் முதலில் என்ன நடக்கிறது? இணையத்தில் ஒரு கோப்புறையைத் திறந்து, "உங்களிடம் இருப்பதையெல்லாம் இதில் போடுங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிடுகிறோம். சில மாதங்களில் கோப்புறை நிறைந்துவிடும். ஆனால் அதிலிருந்து ஒரு பாடத்தை எடுத்து நடத்தியவரைத் தேடினால், பெரும்பாலும் எழுதியவரே இருப்பார்.

இதற்குக் காரணம் சோம்பலோ அக்கறையின்மையோ அல்ல. அந்தக் குறிப்புகள் எழுதியவருக்காகவே எழுதப்பட்டவை. "நல்ல சமாரியன். கதை சொல்லவும். மூன்று கேள்வி. பாட்டு." எழுதியவருக்கு இது போதும். நாளைக் காலை வகுப்பெடுக்க வேண்டும், யாரிடமும் கேட்க நேரமில்லை என்ற நிலையில் இதைத் திறக்கும் வேறொரு சபையின் ஆசிரியருக்கு இதில் ஒன்றுமே இல்லை. எந்த மூன்று கேள்வி? எந்த வயதுப் பிள்ளைகளுக்கு? இருபது நிமிடமா, ஒரு மணி நேரமா? லூக்கா 10:25-37-ஐ முழுவதும் வாசிக்க வேண்டுமா? யூதர்களுக்கும் சமாரியர்களுக்கும் இருந்த பகையை இரண்டு வரியில் சொல்லாவிட்டால், பிள்ளைகளுக்கு அது வெறும் 'உதவி செய்த நல்லவர்' கதையாகிவிடும். இயேசு ஏன் ஒரு சமாரியனை அங்கே நிறுத்தினார் என்பதே தவறிப்போகும். எனக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

அதனால் ஒரு பாடத்தைத் தொகுப்பில் சேர்க்கும் முன் எழுதியவர் அல்லாத ஒருவர் அதை வகுப்பில் நடத்திப் பார்க்கட்டும். அவர் எந்த இடத்தில் போன் போட்டுச் சந்தேகம் கேட்கிறாரோ, அந்த இடத்தில்தான் பாடத்தைத் திருத்த வேண்டும். இப்படிச் சோதித்த பத்துப் பாடங்கள் இருந்தால் போதும், தொடங்கிவிடலாம். மாற்கு நற்செய்தி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஆரம்பிப்பது இன்னும் நல்லது.

அடுத்தது உரிமை. "வேதம் எல்லாருக்கும் பொது, அதற்கென்ன அனுமதி?" என்று நல்ல மனதோடு கேட்பவர்கள் உண்டு. மூல வசனங்கள் பழமையானவைதான். ஆனால் அண்மைக்கால மொழிபெயர்ப்புகளுக்குப் பெரும்பாலும் பதிப்புரிமை இருக்கிறது. ஆங்கிலத்தில் பலர் பயன்படுத்தும் என்.ஐ.வி. மொழிபெயர்ப்பிலிருந்து எழுத்துப்பூர்வ அனுமதியின்றி 500 வசனங்கள் வரை எடுத்தாளலாம். அதிலும், ஒரு முழுப் புத்தகத்தை எடுக்கக் கூடாது, உங்கள் படைப்பில் நான்கில் ஒரு பங்கை அந்த வசனங்கள் எட்டக் கூடாது என்ற வரம்புகள் உண்டு. ஒரு பாடத்தில் இதை மீற வாய்ப்பில்லை. நூறு பாடங்கள் ஒரே தொகுப்பாகும்போது கணக்கு மாறிவிடும்.

இலவசமாகக் கிடைப்பதை எல்லாம் மாற்றிப் பயன்படுத்தலாம் என்று எண்ணுவதும் தவறு. படைத்தவரே தன் படைப்பை எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், 'மாற்றம் கூடாது' என்ற நிபந்தனை உள்ள பாடத்தை மொழிபெயர்த்துப் பகிர முடியாது. மொழிபெயர்ப்பும் ஒரு மாற்றம்தான். 'பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர்க' என்ற வகையில் வெளியானவற்றை மொழிபெயர்க்கலாம், சுருக்கலாம், அச்சிடலாம். 50 வேதக் கதைகள் கொண்ட 'ஓப்பன் பைபிள் ஸ்டோரீஸ்' அந்த வகையில் வெளியானது. தேடலில் கிடைத்த படங்களும் பாடல் வரிகளும் இதே கேள்விக்கு உட்பட்டவை. அப்புறம், நம் சொந்த ஆசிரியர்களிடமும் பாடத்தை வாங்கும் நாளிலேயே ஒரு வரி எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். அவர்கள் வேறு ஊருக்குப் போன பிறகு தேடிப் பிடிப்பது கடினம்.

தேடிக் கண்டுபிடிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் ஒரே வேதப் புத்தகத்தை ஒருவர் யாத்திராகமம் என்று தேடுவார், இன்னொருவர் விடுதலைப் பயணம் என்று தேடுவார். அப்போஸ்தலருடைய நடபடிகளும் திருத்தூதர் பணிகளும் ஒரே புத்தகம்தான். ஆனால் கணினிக்கு அது தெரியாது. எண்களும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மேய்ப்பரைப் பற்றிய 23-ஆம் சங்கீதம் பழைய இலத்தீன் எண்ணிக்கையில் 22. மல்கியா எபிரேய வேதத்தில் 3 அதிகாரம், நம்மில் பலர் வாசிக்கும் வேதத்தில் 4. சுத்த இருதயத்தைக் கேட்கும் 51-ஆம் சங்கீதத்தின் 10-ஆம் வசனம், தலைப்பையும் சேர்த்து எண்ணும் பதிப்புகளில் 12. எந்த மொழிபெயர்ப்பின் எண் என்று ஒவ்வொரு பாடத்திலும் குறித்துவிட்டால் குழப்பம் தீரும். மூன்றாண்டுச் சுழற்சியில் வேதபகுதிகளை வாசிக்கும் சபைகள் வாரத்தை வைத்துத் தேடும், மற்றவை புத்தகத்தை வைத்துத் தேடும். இரண்டுக்கும் வழி வையுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகளை, எல்லாக் கருவிகளும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றாமல் ஏற்றாதீர்கள். திரையில் தமிழாகத் தெரியும், கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். தேடினால் கிடைக்காது, போனில் திறந்தால் சிதறும். பி.டி.எஃப். மட்டும் தராமல், திருத்தக்கூடிய கோப்பையும் கூடவே வையுங்கள்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பிரசங்கக் குறிப்புகளில் சபையாரின் கதைகள் இருக்கும்: ஒரு சகோதரியின் நோய், ஒரு குடும்பத்தின் கடன், ஒரு பையனின் தவறு. அந்தச் சபைக்குள் நம்பிக்கையோடு பகிர்ந்தவை அவை. பெயரை நீக்கினால் மட்டும் போதாது, தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். அந்தக் கதையையே எடுத்துவிடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களும் தொகுப்பில் வேண்டாம்.

ஞானஸ்நானம், திருவிருந்து போன்றவற்றில் சபைகள் வேறுபடும். எல்லாருக்கும் பொருந்த வேண்டுமென்று பாடத்தை ஒன்றும் சொல்லாத அளவுக்கு நீர்த்துப்போகச் செய்வதைவிட, 'இது குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபையின் பார்வை' என்று மேலே எழுதிவிடுவது நேர்மையானது. எடுப்பவர் தெரிந்து எடுப்பார்.

கடைசியாகப் பராமரிப்பு. ஒரு பாடத்தில் வசன எண் தவறு என்று யாரோ கண்டுபிடிக்கிறார். யாரிடம் சொல்வது? பொறுப்பாளர் ஒருவர் இல்லாவிட்டால் கண்டுபிடித்தவர் தன் பிரதியை மட்டும் திருத்திக்கொள்வார். மற்றச் சபைகளில் அதே தவறு தொடரும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண், தேதி, திருத்தம் அனுப்ப வேண்டிய தொடர்பு ஆகிய மூன்றும் இருக்கட்டும். பொறுப்பாளர் மாதம் ஒருமுறை உட்கார்ந்து, வந்த திருத்தங்களைச் சேர்த்து, பழைய கோப்பைத் தனியே நகர்த்திவிட்டு, எது மாறியது என்று குழுவில் ஒரு வரி சொன்னால் போதும்.