மாரியில் வீட்டோடு இருக்கும் முதியோர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோரத்திலும் குளிர்காலம் என்பது மாரிகாலம்தான். ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கோயிலும் பள்ளிவாசலும் சந்தையும் வயல் வரம்பும் எட்டாமற்போக, வயதானவர்கள் நாட்கணக்கில் வீட்டோடு இருக்க நேர்கிறது. அந்நாட்களில் மழையை விட நமது அக்கறைதான் சில வேளைகளில் அவர்களை அதிகம் வாடச்செய்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, “நீங்கள் சும்மா இருங்கள்” என்று கைவேலையைப் பறித்துக்கொள்வது. அரிசி புடைக்கும் பெத்தாவிடமிருந்து (பாட்டியிடமிருந்து) சுளகை வாங்கி வைக்கும்போது, அந்த வீட்டில் அவருக்கு இருந்த பொறுப்பையும் சேர்த்தே வாங்கி வைத்துவிடுகிறோம். பன் என்னும் புல்லால் பாய் இழைத்துப் பழகிய கைக்கு மாரி உகந்த காலம். காற்றில் ஈரம் இருப்பதால் காய்ந்த பன் முறியாமல் வளைந்துகொடுக்கும். ஆயினும் கொடுக்கும் வேலை உண்மையானதாக இருக்க வேண்டும். பயறையும் உளுந்தையும் வேண்டுமென்றே கலந்து, பிரித்துத் தரச் சொல்வது போன்ற பாசாங்கை அவர்கள் உடனே இனங்கண்டுகொள்வார்கள். சிலர் நம் மனம் நோகக் கூடாதென்று பேசாமல் செய்தும் தருவார்கள்; அது இன்னும் மோசம். வயல் செய்தவராயின், வெள்ளம் வடிந்த பின் பசளையை எப்போது போடுவது, வயல் நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானையிடம் எதைக் கேட்பது என்பவற்றை, முடிவெடுத்த பிறகு அறிவிக்காமல், முடிவெடுப்பதற்கு முன்பே அவரிடம் கேட்க வேண்டும். பெரும்போகம் என்னும் மாரிகால நெற்செய்கை நடக்கும் காலத்தில் அவருடைய மனம் எப்படியும் வயலில்தான் நிற்கும்.

காலை முதல் இரவு வரை தொலைக்காட்சிக்கு முன் உட்காரவைப்பது அடுத்த தவறு. தகரக் கூரையில் மழை அடிக்கும்போது காது மந்தமானவருக்குப் பேச்சு பாதிதான் விளங்கும். அவர் தலையை ஆட்டிச் சிரிப்பதைக் கேட்டுவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். எதிரே உட்கார்ந்து, முகம் தெரியும்படி, சத்தமிடாமல் நிறுத்திப் பேசுவதே பயன் தரும். பேச்சே அதிகம் தேவைப்படாத கடுதாசி விளையாட்டும் நல்லது. 304 என்னும் கடுதாசி ஆட்டத்தை ஆடுவதற்கு ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11 என மனத்துக்குள் கூட்டிக்கொண்டே, விழுந்த கடுதாசிகளையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்காமலிருந்தால் ஆட்டம் சூடுபிடிக்கும்.

விழுந்துவிடுவார் என்று பயந்து கதிரையிலேயே இருத்திவைத்தால் கால்கள் தளர்ந்து, விழும் வாய்ப்புத்தான் கூடும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாட்களாவது உடற்சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஈரமான சீமெந்துத் தரையைத் துடைத்துவிட்டு, விறாந்தையில் நடக்க விடலாம். குளிர் நாளில் தாகம் தெரியாது என்பதால், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீரோ கொத்தமல்லித் தண்ணீரோ கொடுக்க வேண்டும்.

1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் இதே பருவத்தில் வந்தவை. காற்று இரைந்தால் பழைய நினைவு எழுவது இயல்பு. “அதையெல்லாம் ஏன் இப்போது?” என்று வாயை அடைப்பது பிழை, பேசத் தொடங்கினால் இருந்து கேட்க வேண்டும், தொடங்காதவரைத் துருவவும் கூடாது.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் தவறு வேறு வகையானது. “சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா” என்ற இரண்டு கேள்விகளோடு அழைப்பு முடிந்துவிடுகிறது. மீன் ஆணம் (குழம்பு) எப்படிக் காய்ச்சுவது என்று கேட்டுச் சமைத்துக்கொண்டே பேசினால் அரை மணித்தியாலம் போவதே தெரியாது. நேரமும் முக்கியம்: இலண்டனில் வேலை முடிந்து இரவு 7 மணிக்கு எடுத்தால் இங்கே நள்ளிரவு 12.30. ஞாயிறு நண்பகலில் எடுத்தால் இங்கே மாலை 5.30. கனடாவின் டொரொன்டோவிலிருந்து இரவு 8.30க்கு எடுத்தால் இங்கே காலை 7 மணி.

உணவில் நாட்டமின்மை, உறக்கமின்மை, பிடித்தவற்றிலும் பற்றின்மை ஆகியன 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால், “வயதானால் அப்படித்தான்” என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தேசிய மனநல உதவித் தொலைபேசி எண் 1926. திடீரெனக் குழம்பிப் பேசினால் அது தொற்றாகவோ நீரிழப்பாகவோ இருக்கலாம் என்பதால், மழை விடட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.