ஆண்டு இறுதிப் பட்டியல்: புதிதாகப் போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், இந்த ஆண்டு பிடித்த படங்கள், பிடித்த ஆல்பங்கள் என்று பட்டியல்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். அவற்றைப் படிப்பதில் எனக்கு அலாதி விருப்பம். அந்த ஆண்டு வெளியானவற்றை மட்டும் அடுக்குகிற பட்டியலைவிட, ஒருவர் அந்த ஆண்டில் தேடிப் பிடித்த பழையதும் புதியதும் கலந்த பட்டியல் இன்னும் சுவையானது. 1920-களின் மௌனப் படமும் போன மாதம் வந்த ஆல்பமும் அதில் அடுத்தடுத்து நிற்கும்.

ஆனால் முதல்முறை பட்டியல் போடுகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள். பல வருடங்களாக இதைச் செய்துவருகிறவன் என்பதால் அந்த இடங்கள் எனக்கு நன்றாகவே தெரியும். பெயரைப் பிழையாக எழுதுவது, கதையின் முடிவைப் போட்டு உடைப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

டிசம்பரில் உட்கார்ந்து யோசிப்பது

பட்டியலை டிசம்பரில் எழுதலாம். ஆனால் யோசிக்கத் தொடங்குவதே டிசம்பரில் என்றால் சிக்கல். பிப்ரவரியில் உங்களைத் தூங்கவிடாமல் செய்த படம் அதற்குள் மங்கியிருக்கும். நவம்பரில் பார்த்த சுமாரான படம் பளிச்சென்று நிற்கும். புதியவர்களின் பட்டியலில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதச் சரக்காக இருப்பதற்கு இதுதான் காரணம். ரசனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பார்த்த அன்றே, கேட்ட அன்றே ஒரு வரி எழுதிவைத்தால் போதும். விமர்சனமெல்லாம் வேண்டாம். தேதி, பெயர், மனதில் தங்கிய ஒரே ஒரு விஷயம். "மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் நின்ற பிறகும் பேஸ் கிட்டார் மட்டும் தொடர்கிறது" என்று எழுதியிருந்தால், பத்து மாதம் கழித்துப் படிக்கும்போதும் அந்த இடம் காதில் கேட்கும். "செம ஆல்பம்" என்று எழுதியிருந்தால் ஒன்றும் கேட்காது.

ஆப் சொல்லும் கணக்கை நம்புவது

"அதுதான் ஆப் கணக்கு வைத்திருக்கிறதே, எனக்கெதற்கு நோட்டு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்பாட்டிஃபை ஆண்டு முடிவில் தருகிற அந்த வண்ண வண்ணச் சுருக்கம், எதை எத்தனை முறை ஓடவிட்டீர்கள் என்பதன் கணக்கு, அவ்வளவுதான். அங்கே ஒரு பாட்டு 30 விநாடி ஓடினாலே ஒருமுறை கேட்டதாகப் பதிவாகிவிடும். வேலை பார்க்கும்போது பின்னணியில் ஓடியது, தூக்கம் வருவதற்காகப் போட்டது, குழந்தை அழுகையை நிறுத்தத் திரும்பத் திரும்பப் போட்டது எல்லாம் சேர்ந்துதான் முதலிடத்துக்கு வரும். விளக்கை அணைத்துவிட்டு இரண்டே முறை முழுசாகக் கேட்ட ஆல்பம் அதில் தலைகாட்டாது. கனமான ஆல்பங்களை யாரும் தினமும் கேட்பதில்லை. தவிர, அந்தச் சுருக்கம் ஆண்டு முடிவதற்கு முன்பே வந்துவிடுகிறது. டிசம்பர் கடைசியில் கண்டெடுத்தது எதுவும் அதில் இருக்காது. மறந்துபோன பெயர்களை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டுமானால் அது உதவும்.

எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் விடுவது

மற்றதெல்லாம் போகட்டும், இதைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. மற்ற தவறுகளில் கெடுவது உங்கள் பட்டியல் மட்டும். இதில், நீங்கள் பார்க்காத படத்துக்கும் கேட்காத ஆல்பத்துக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள். அதை நம்பி நாலு பேர் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

நண்பர் ஒருவர் தன் பட்டியலின் கீழே 'ஏமாற்றியவை' என்று ஒரு பகுதி வைத்திருந்தார். அதில் செர்ஜியோ லியோனியின் கடைசிப் படமான 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் அமெரிக்கா' இருந்தது. சிறுவர்களாக இருக்கிறார்கள், ரவுடிகளாகிறார்கள், கிழவர்களாகிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். படித்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. எவ்வளவு நேரம் ஓடியது என்று விசாரித்தேன். இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே என்றார். சரி, விஷயம் இதுதானா என்று புரிந்துவிட்டது. 1984-இல் அந்தப் படம் ஐரோப்பாவில் 229 நிமிடம் ஓடியது. அமெரிக்காவில் அதை 139 நிமிடமாக வெட்டியதோடு விடவில்லை. முன்னும் பின்னுமாகத் தாவுகிற கதையைக் கால வரிசைப்படி நேராக அடுக்கி வெளியிட்டார்கள். வயதான ஒருவன் திரும்பி வந்து தன் வாழ்க்கையைத் துழாவுகிற படம், பிறந்தான் வளர்ந்தான் கதையாகிவிட்டது. நண்பர் கையில் கிடைத்தது, பழைய வீடியோ கேசட்டிலிருந்து யாரோ எடுத்துவைத்திருந்த அந்தப் பிரதி.

பார்த்ததைத்தான் அவர் எழுதினார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பட்டியலில் படத்தின் பெயர் மட்டும் இருந்தது, இந்த விவரம் இல்லை. நீளமான பதிப்பைப் பாருங்கள் என்றேன். "அதான் ஒருமுறை பார்த்தாயிற்றே, இன்னொரு நாலு மணி நேரமா?" என்றார். இன்றுவரை பார்க்கவில்லை.

மௌனப் படங்களில் நிலைமை இன்னும் மோசம். ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்' 1927-இல் வெளியான சில மாதங்களிலேயே வெட்டப்பட்டது. விடுபட்ட பகுதி இனிக் கிடைக்காது என்றே பல காலம் நினைத்தார்கள். 2008-இல் பியூனஸ் அயர்ஸில் ஒரு 16 மி.மீ. பிரதி கிடைத்து, சுமார் 25 நிமிடக் காட்சிகள் சேர்ந்த பிறகு, 2010-இல்தான் இன்றைய பதிப்பு வந்தது. பழைய சுருக்கப் பிரதிகள் இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த ஒல்லியான ஒற்றன் எதற்கு வருகிறான் என்றே புரியவில்லை என்று யாராவது எழுதினால், அவர் பார்த்தது எந்தப் பிரதி என்று ஊகித்துவிடலாம். அவனுடைய காட்சிகள் பெரும்பாலும் வெட்டில் போனவை.

வெட்டே இல்லாமலும் படம் மாறும். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்காகத் தயாரான டிவிடிகளில், விநாடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய படம் 25 ஃபிரேம் ஓடும். 120 நிமிடப் படம் 115 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலும் பின்னணி இசையும் பெரும்பாலும் அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியே ஒலிக்கும். நடிகரின் குரல் கீச்சென்று இருக்கிறது என்று குறை சொல்வதற்கு முன், ஓடும் நேரத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆல்பங்களுக்கும் இதே கதைதான். பீட்டில்ஸின் 'ரிவால்வர்' 1966-இல் இங்கிலாந்தில் 14 பாடல்களோடு வந்தது. அமெரிக்காவில் வந்த ரெக்கார்டில் 11 பாடல்கள். விட்டுப்போன மூன்றுமே ஜான் லெனன் பாடியவை. அந்த அமெரிக்க ரெக்கார்டைக் கேட்டுவிட்டு, லெனன் இதில் ஒதுங்கியே இருக்கிறார் என்று ஒருவர் எழுதினால் அவர் காதில் கோளாறு இல்லை. எதைக் கேட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959-இல் வந்தது. பதிவின்போது ஒரு டேப் இயந்திரம் மெதுவாக ஓடியதால், அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓடவிட்டபோது முதல் பக்கத்தில் உள்ள மூன்று உருப்படிகளும் இம்மியளவு வேகமாகவும் சுருதி ஏறியும் ஒலித்தன. சரியான வேகத்தில் வந்தது 1992 பதிப்பில். கேட்கிறவர்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது. கூடவே வாசித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தொல்லை புரியும்.

இதெல்லாம் நுணுக்கம், விடலாம். புதியவர்கள் கூட்டம் கூட்டமாக விழுவது போனஸ் பாடல்களில். பழைய ஆல்பத்தை மறுபதிப்பாக விடும்போது கழித்துவைத்த ஒலிப்பதிவுகள், ஒத்திகைகள், மேடை நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் கடைசியில் ஒட்டிவிடுகிறார்கள். தேடினால் பல நேரம் முதலில் வந்து நிற்பது அந்த 'டீலக்ஸ்' பதிப்புதான். அப்படி ஒன்றைக் கேட்டுவிட்டு ஓர் இளைஞர் எழுதினார்: தொடக்கம் பிரமாதம், கடைசி அரை மணி நேரம் இழுவை, ஒரே பாட்டு மூன்று தடவை வருகிறது, யாராவது கத்திரி போட்டிருக்கலாம். கத்திரி போட்டுத்தான் ஆல்பத்தை வெளியிட்டார்கள். வெட்டி எறிந்ததையும் சேர்த்து அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆல்பம் முடிகிற இடத்தில் ஒரு நீண்ட மௌனம் உண்டு. அது முடிவு என்றே அவருக்குத் தெரியவில்லை. அடுத்த விநாடியே ஒத்திகைப் பதிவில் யாரோ இருமுகிறார்கள்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். படமென்றால் வெளியான ஆண்டு, பார்த்த பிரதி ஓடிய நேரம், மூல மொழியா டப்பிங்கா. ஆல்பமென்றால் முதலில் வந்தபோது எத்தனை பாடல்கள், நீங்கள் கேட்டது எந்த ஆண்டுப் பதிப்பு, மோனோவா ஸ்டீரியோவா. "1984, 229 நிமிடம், ஆங்கிலம்" என்று பெயருக்குப் பக்கத்தில் எழுத எவ்வளவு நேரமாகிவிடும்?

ஷஃபிளில் கேட்டுவிட்டு ஆல்பம் என்பது

பாடகி அடேல் கேட்டுக்கொண்டதால் 2021 நவம்பரில் ஸ்பாட்டிஃபையே ஆல்பம் பக்கத்தில் ஷஃபிளை, அதாவது பாட்டுகளின் வரிசையைக் கலைத்துப் போடுவதை, முன்னிருப்பாக வைப்பதை நிறுத்தியது. நீங்கள் இன்னும் ஏன் அப்படிக் கேட்கிறீர்கள்?

மதிப்பெண் போடுவது

வேண்டாம். 7-க்கும் 8-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் உங்களாலேயே சொல்ல முடியாது.

பத்தை நிரப்புவது

ஆறுதான் பிடித்தது என்றால் ஆறு.

மரியாதைக்காகச் சேர்ப்பது

2022 டிசம்பரில் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற சினிமா இதழ், எல்லாக் காலத்துக்குமான சிறந்த படங்களுக்காக விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், இயக்குநர் சாந்தால் ஆக்கர்மான் 1975-இல் எடுத்த 'ழான் டீல்மான்' முதலிடத்துக்கு வந்தது. 201 நிமிடம், பெரும்பாலும் அசையாத கேமரா, ஒரு பெண்ணின் அன்றாட வேலைகள். அடுத்த ஆண்டு நான் படித்த பட்டியல்களில் அது திடீரென்று முளைத்திருந்தது. உண்மையிலேயே ரசித்தவர்கள் அடையாளம் தெரிந்தார்கள்: அவள் உருளைக்கிழங்கை அதிகம் வேகவிட்டுவிட்டுப் பாத்திரத்தோடு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற இடத்தைப் பற்றி எழுதினார்கள். மற்றவர்கள் "முக்கியமான படம்" என்றார்கள். முக்கியமானது என்று ஊரே சொல்லியாகிவிட்டது. பட்டியலில் எனக்கு வேண்டியது உங்களை எது பிடித்து நிறுத்தியது என்பது. பாதியில் தூங்கிவிட்டீர்களா, பட்டியலில் சேர்க்காதீர்கள். அப்புறம் ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம், படம் எங்கேயும் போய்விடாது.

யார் சொன்னது என்று குறிக்காதது

நன்றி சொல்வதற்காக மட்டும் இல்லை. மூன்று ஆண்டுப் பட்டியல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், யார் கைகாட்டியது உங்களுக்கு ஒத்துவருகிறது, யாருடைய பரிந்துரை ஒவ்வொரு தடவையும் காலைவாருகிறது என்று தெரிந்துவிடும். எனக்குப் படங்களில் மிகச் சரியாகக் கைகாட்டுகிற ஒருவர், இசையில் சொல்வது எல்லாமே எனக்கு ஆகாதவை. எழுதிவைக்கும்வரை அதை நான் கவனித்ததே இல்லை.

அவசரமாக வெளியிடுவது

டிசம்பர் முதல் வாரத்தில் போட்டுவிட்டு, 20-ஆம் தேதி பார்த்த படத்துக்காகத் தலையில் கைவைப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். ஜனவரியில் போடலாம். பொறுமை இல்லையென்றால் ஆண்டை நகர்த்திக்கொள்ளுங்கள்: என் கணக்கு டிசம்பர் 1-இல் தொடங்கி நவம்பர் 30-இல் முடிகிறது.